நெடுநாள் உழைப்பும் ஓய்வும்

உழைப்போர்க்குக் கூலியோடு ஓய்வளித்தல் கருணையன்று, நீதியேயாம் என்பது நம் துணிபு. மோசேயின் நியாயப்பிரமாணம் ஏழாம் ஆண்டில் நிலத்திற்கும் ஓய்வு விதித்தது. மண்ணுக்குள்ள உரிமை மனிதனுக்கில்லையோ? 19ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், நெடுங்காலம் ஊழியஞ்செய்த அரசாங்க உத்தியோகஸ்தர், கடல் கடந்து தாயகஞ் சென்று மீளுமாறு சம்பளத்தோடு நீண்ட விடுமுறை பெற்றனர். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை செய்தார்க்கு, 20 நாளைக்கு ஒருநாள் வீதம் மறு ஆண்டிற் சம்பள விடுமுறை வகுத்தது.

ஆயின், கடையநல்லூரிலே தம் வீட்டுத் தறிக்குழியில் அமர்ந்து முப்பது, நாற்பது ஆண்டு நெய்த கைத்தறியாளரை அச்சட்டம் எட்டவில்லை, வீடு தொழிற்சாலையாகாதன்றோ! அவர்க்குத் தறி நின்ற நாள் கூலி நின்ற நாளே.

வீட்டு வேலைக்கு விடுமுறை கணக்கிடல் இயலாதென்பார் உளர். அவர்க்கு நாம் கூறுவது இது: 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரையும் தொழிலாளரெனவே கொண்டு, இருபதுக்கு ஒன்றென்னும் அவ்விகிதத்தை அவர்க்கும் வழங்கிற்று. இவ்வட்டாரத்துப் பெண்டிர் பலர் கைக்கொண்டது அத்தொழிலே. பீடிக்கு இயன்றது தறிக்கு இயலாதோ? பாவும் ஊடையும் கொடுப்போர் ஏட்டில் நெய்த சேலையெல்லாம் பதிவாகின்றன. அவற்றினருகே ஓய்வு நாளையும் பதிதல் அரிதன்று. மனமே வேண்டும்.