வாக்குத்தத்த அட்டை எங்கிருந்து வந்தது?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் ஒரு தட்டு சுற்றி வரும். தட்டு நிறையச் சிறு அட்டைகள். கண்ணை மூடி ஜெபித்து ஆளுக்கொன்று எடுப்பார்கள். அதில் அச்சாகியிருக்கும் வசனம்தான் அவருக்கு அந்த வருஷத்து வாக்குத்தத்தம். வேதத்தில் சாபமும் நியாயத்தீர்ப்பும் பக்கம் பக்கமாக உண்டு. இந்தத் தட்டுக்கு மட்டும் அவை வருவதில்லை. மகளுக்கு வரன் தேடும் வீட்டில் அந்த அட்டை ஆறுதல் சொல்வதோடு நிற்காது. தீர்ப்பும் சொல்லிவிடும்.

இதை யார் தொடங்கிவைத்தது என்று தேடினேன்.

வேதத்திலேயே வேர் இருக்கிறது என்பார்கள். இருக்கத்தான் செய்கிறது. கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டுப் பனியை அடையாளமாகக் கேட்டான். யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப்போட்டே தெரிந்துகொண்டார்கள். ஆனால் அது அப்போஸ்தலர் நடபடிகளில் முதல் அதிகாரம். பெந்தெகொஸ்தே நாள் இரண்டாம் அதிகாரம். ஆவியானவர் இறங்கிய பிறகு சபை சீட்டுப்போட்டு ஆள் எடுத்ததாகப் புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. ஆறாம் அதிகாரத்தில் பந்தி விசாரணைக்கு ஏழு பேர் தேவைப்பட்டபோது, நற்சாட்சி உள்ளவர்களைச் சபையாரே விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள்.

வேதத்தைத் திறந்ததும் கண்ணில் பட்டதைக் கட்டளையாக எடுப்பவர்கள் அகஸ்டினைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 386இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அவர் ரோமர் நிருபத்தைத் திறந்து படித்து மனம் திரும்பியவர்தான். அதே அகஸ்டின் பின்னாளில் எழுதிய கடிதம் ஒன்றில், உலகக் காரியங்களுக்குச் சுவிசேஷப் பக்கங்களில் குறி பார்ப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்கிறார். பிரசங்கங்களில் இந்தப் பின்பாதி காதில் விழுவதேயில்லை. 506இல் பிரான்சின் தென்பகுதியில் கூடிய ஆக்தே சங்கம் இப்படிக் குறி பார்ப்பதைத் தடையே செய்தது.

அட்டையின் நேரடி மூதாதையைத் தேடினால் ஜெர்மனிக்குப் போக வேண்டும். 1718இல் போகாட்ஸ்கி என்பவர் நாளுக்கொரு வசனமாகத் தொகுத்த பக்தி நூல் வீடுவீடாகப் பரவியது. அடுத்து, சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறிய மொரேவியச் சகோதரர்களின் ஊரான ஹெர்ன்ஹூட். 1728 மே 3 மாலை, மறுநாள் முழுதும் நினைவில் வைக்க ஒரு வாக்கை அவர் சபைக்குக் கொடுத்தார். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாகவே வருகிறது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில். பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சுமார் 1,800 வசனங்களிலிருந்து இன்றும் சீட்டாகத்தான் எடுக்கிறார்கள். அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தையோ ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, தெரிவு செய்கிறார். சீட்டுக்கும் யோசனைக்கும் ஒரே பக்கத்தில் இடம்!

அவர்களிடம் இன்னொரு சீட்டும் இருந்தது. ஆம், இல்லை, எழுத்தில்லாத வெற்றுச்சீட்டு என்று மூன்று. வெற்றுச்சீட்டு வந்தால் பொறுத்திரு என்று பொருள். யார் எந்த நாட்டுக்கு ஊழியத்துக்குப் போவது, யார் யாரை மணப்பது எல்லாம் அதில்தான் முடிவானது.

மொரேவியரிடம் மனதைப் பறிகொடுத்த ஜான் வெஸ்லியும் சீட்டெடுத்தார். 1737 மார்ச்சில் ஜார்ஜியாவில், சோஃபி ஹாப்கி என்ற பெண்ணை மணக்கலாமா என்று கேட்டு நண்பரை எடுக்கச் சொன்னார். அந்த எண்ணத்தையே விட்டுவிடு என்ற சீட்டு வந்தது. சில நாட்களிலேயே அவள் வேறொருவரை மணந்துகொண்டாள். வெஸ்லி பிற்பாடு அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார், வழக்கு வந்தது, அந்த டிசம்பரில் ஊரைவிட்டே கிளம்பினார். சீட்டுக்குக் கீழ்ப்படிந்த மனம் ஆறியதாகத் தெரியவில்லை. 1739இல் பிரிஸ்டலுக்குப் போகலாமா என்பதற்கும் சீட்டு விழுந்தது, போனார். வெட்டவெளியில் அவர் பிரசங்கிக்கத் தொடங்கியது அங்கேதான். ஆக, இந்த இரண்டில் எதைக் காட்டி வாதாடுவது?

இந்த ஜெர்மானியப் பக்தி நமக்குத் தூரத்து உறவல்ல. ஹாலேயில் படித்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1760இல் மொரேவியரும் அங்கே வந்து பொறையாறு பக்கம் தோட்டம் போட்டுத் தங்கினார்கள். இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை என்பது வேறு கதை.

திருமணச் சீட்டை மொரேவியரின் இளைய தலைமுறையே எதிர்த்தது, முக்கியமாக அமெரிக்காவில். 1818இல் கூடிய அவர்களது பொதுச் சங்கம் சாதாரண உறுப்பினர்களை அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. தினவசனம் மட்டும் நிற்காமல் தொடர்கிறது. மொரேவியர் பிரித்து வைத்த இரண்டையும் நம் வீடுகளில் ஒன்றாக்கிவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வருகிற டிசம்பரிலும் அட்டை எடுங்கள், பைபிளில் வைத்துக்கொள்ளுங்கள். வரன் விஷயத்துக்கு மட்டும் பையன் வேலை பார்க்கும் இடத்தில் நாலு பேரிடம் விசாரியுங்கள். அதற்கு முன்னால் பெண்ணைக் கேளுங்கள்.