நிலத்தடியால் வரும் நரி

கொழும்பு வெள்ளவத்தையில் கோழிக்கு எதிரி பெரும்பாலும் மதிலால் வரும், கூரையால் வரும். இரவில் மரநாய், பகலில் குஞ்சு தூக்கக் காகம், கால்வாய்க் கரை வளவுகளில் கபரகொய்யா. நான் இப்போது குடியிருக்கும் சிட்னியின் மேற்குப் புறநகரில் எதிரி நரி. அது மண்ணைத் தோண்டிக்கொண்டு கீழால் வரும். ஒரு நாட்டில் வேலை எடுக்கலாம், வீடு வாங்கலாம், குடியுரிமைச் சத்தியமும் செய்யலாம். அந்த நாட்டின் இரவில் என்ன நடமாடுகிறது என்று அறிய வேண்டிய தேவை எனக்குக் கோழி வளர்க்கத் தொடங்கியபோதுதான் வந்தது.

கோழிக்கூடு எனக்குப் புதிதல்ல. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வாடகை வீடு இருந்தது. கிணற்றடிக்குப் பக்கத்தில் நாலு கால் வைத்த பலகைக் கூடு. பகலில் குஞ்சுகளுக்குக் கரப்பு. கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில் அதற்கும் இடமில்லை. ஜம்பட்டா வீதிப் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மாமி இரண்டு தேயிலைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முன்பக்கத்துக்குக் கம்பிவலை அடித்து, அதற்குள் கோழி வளர்த்தார். சோற்றுப் பருக்கையும் குறுணலும்தான் தீன். 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு வெள்ளவத்தை வீடு எங்களுக்கு இல்லை. அந்த வளவில் இன்று தொடர்மாடி நிற்கிறது.

அந்தக் காலத்தில் கூடு கட்ட யாரிடமும் கேட்டதாக நினைவில்லை. இங்கே முதலில் சட்டத்தைப் படிக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் வீட்டுப் பின்வளவில் 10 கோழிவரை வைத்திருக்கலாம். கூடு 15 சதுர மீற்றருக்கும் 3 மீற்றர் உயரத்துக்கும் உட்பட்டதாக இருந்தால் தனியான அனுமதி தேவையில்லை. ஆனால் எந்தக் குடிமனையிலிருந்தும், அயல்வீடு உட்பட, 4.5 மீற்றர் தள்ளி இருக்கவேண்டும். வீடுகள் நெருங்கிய இடத்தில் கோழி குந்தும் தடிக்குக் கீழே கொங்கிறீட் போடவேண்டும். இந்த விதிகள் எனக்குத் தொல்லையாகப் படவில்லை. மாமியின் பெட்டிகளிலிருந்து வந்த மணத்தைப் பக்கத்து வீட்டார் எத்தனை வருடம் பொறுத்திருப்பார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் தமிழர்கள் வந்து குடியேறுவதற்கு முன், பெண்டில் ஹில், கிரேஸ்ரேன்ஸ் பகுதிகளில் மால்ரா நாட்டுக்காரர்கள் கோழிப்பண்ணையும் காய்கறித் தோட்டமும் செய்தவர்கள். அந்தத் தலைமுறையில் ஒருவர் எங்கள் பின்வேலிக்கு அப்பால் இருக்கிறார். நான் மரச்சட்டங்களை அறுத்து அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, “சுவர் நல்லாயிருக்கு, தரைக்கு என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டார். பிறகு தானே மண்வெட்டி கொண்டுவந்தார். கூட்டைச் சுற்றிவர அரை மீற்றர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, பற்றவைத்த கம்பிவலையைச் சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக விரித்து, ஆணி அடித்து, மண் மூடினோம். நரி எப்போதும் சுவரோரமாகத்தான் தோண்டும். கால் வலையில் தட்டுப்பட்டால் பின்னுக்குப் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. கோழிவலை என்று கடையில் விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும். நரியை வெளியே வைத்திருக்காது, கடித்துப் பிரித்துவிடும். 12 மில்லிமீற்றர் கண் உள்ள வலை என்றால் எலிக்கும் வழியில்லை.

நரி இந்த மண்ணின் பிராணி அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டை விளையாட்டுக்காக ஆங்கிலேயர் கப்பலில் கொண்டுவந்து விட்டது. கூட்டுக்குள் புகுந்தால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவதோடு நிற்காது. எல்லாவற்றையும் கொன்றுவிட்டுத்தான் போகும். எனவே இருட்ட முன்னர் கதவைப் பூட்டுவது இந்த வீட்டில் யாருக்கும் தவிர்க்க முடியாத கடமை.

அடுத்தது வெயில். கொழும்பில் சூரியன் தலைக்கு மேலால் போகும்; எந்தப் பக்கம் பார்த்துக் கட்டினாலும் பெரிய வித்தியாசமில்லை. சிட்னியில் அது வடக்கு வானத்தால் போகிறது. கூட்டின் முகத்தை வடகிழக்குக்குத் திருப்பினால் குளிர்காலக் காலை வெயில் உள்ளே விழும், மேற்கிலிருந்து அடிக்கும் கூதல் முதுகில் முட்டி நிற்கும். கோடையில் நிலைமை வேறு. கடற்காற்று மேற்குப் புறநகருக்கு ஒழுங்காக எட்டுவதில்லை. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் வெப்பம் 48.9 பாகையைத் தொட்டது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். ஆகவே கூரைத் தகரத்துக்கு அடியில் காற்றுப் போக நீளமாக வெளி விட்டு, அதற்கும் வலை அடித்தேன். பின்னேர நிழலுக்கு மேற்கே முருங்கை வைத்தேன். குளிரில் இலை கொட்டினாலும் கோடை வர மறுபடி தளிர்க்கிறது.

உள்வேலை எங்கள் ஊர் வழக்கத்தை ஒட்டியதுதான். குந்தும் தடி முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் கோழி முட்டைப் பெட்டிக்குள்ளேயே படுத்து எச்சமிட்டு வைக்கும். தடி 5 சென்ரிமீற்றர் அகலம், விளிம்பு உருட்டிச் சீவியது. கோழி அதில் அமர்ந்து இறகை விரித்துக் கால்விரல்களை மூடிக்கொள்ளும். பெட்டி ஓரடிச் சதுரம், இருட்டாக. நாலு கோழிக்கு ஒரு பெட்டி காணும்.

மண்ணைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன். 2022இல் மக்குவாரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிட்னியில் 55 வீட்டு வளவுகளின் கோழி முட்டைகளைச் சோதித்து வெளியிட்ட முடிவு இங்கே பலரையும் உலுக்கியது. கடை முட்டையைவிட அவற்றில் ஈயம் சராசரியாக 40 மடங்கு. பழைய ஈயப் பூச்சு சுவரிலிருந்து உதிர்ந்து மண்ணில் கிடக்கிறது. பல பத்தாண்டுகள் வாகனங்கள் கக்கிய ஈயப் பெற்றோல் புகையும் அங்கேயே படிந்திருக்கிறது. கோழி நாள் முழுக்க அதைக் கிளறிக் கொத்துகிறது. நகரின் பழைய நடுப்பகுதிகளில் இது மோசம். எங்களுடையதும் 1970க்கு முந்திய பலகை வீடு. மண்ணைப் பல இடங்களில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். வீட்டுச் சுவரடியில் ஈயம் கூட, பின்வேலியோரம் குறைவு. கூடும் கோழி மேயும் அடைப்பும் பின்வேலியோரம் போயின. சுவரடி மண்ணில் அவற்றைக் கால்வைக்க விடுவதில்லை. புறநகரில் கோழி வளர்க்க நினைக்கும் தமிழர்கள் எல்லோரிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: பலகை வாங்க முன்னர் மண்ணைச் சோதியுங்கள். வீட்டு முட்டை என்று ஆசையோடு பிள்ளைக்கு அவித்துக் கொடுப்பது நஞ்சாக இருக்கக்கூடாது.

வாங்கியவை ஐசா பிரவுன் இனம். வருடத்துக்கு 300 முட்டை இடும். அடைகாக்கும் குணம் அதில் இல்லாதபடி இனவிருத்தி செய்துவிட்டார்கள். ஊர்க்கோழி ஒரு டசினோ என்னவோ இட்டுவிட்டு, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு அடையில் குந்துவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது ஒரு குறைதான். சேவலும் இல்லை. இங்கே பல நகரசபைகள் வீட்டுவளவில் சேவலுக்கு இடம் கொடுப்பதில்லை. மேய்ஸ் ஹில் முருகன் கோயில் கொடியேற்றத்தில் சேவற்கொடியைக் கும்பிட்டுவிட்டு வந்து, சேவல் கூவாத வளவில் கோழிக்குத் தீன் போடுகிறேன். அதிகாலையில் அந்தக் குரல் இல்லாதது இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

2024 ஜூனில் ஹோக்ஸ்பரிப் பண்ணைகளில் பறவைக்காய்ச்சல் பரவியபோது இங்குள்ள பெருங்கடைகளில் முட்டைத் தட்டுகள் வெறுமையாயின. எங்கள் வீட்டில் முட்டை இருந்தது. அப்போது வெள்ளவத்தையில் இருக்கும் அக்கா தொலைபேசியில், “2022இல் நாங்கள் பட்டதை இப்ப நீங்கள் படுறியள்” என்றார். இலங்கையின் அந்தப் பொருளாதார நெருக்கடியில் டொலர் இல்லாமல் கோழித்தீன் இறக்குமதி தடைப்பட்டு, முட்டை விலை ஏறி, 2023இல் அரசு இந்தியாவிலிருந்து முட்டை இறக்கவேண்டி வந்தது. அக்கா நாலாம் மாடியில் இருக்கிறார்; அவரால் ஒரு கறிவேப்பிலைச் செடிதான் வைக்க முடிந்தது.

கொழும்பை ஒட்டிய வத்தளையில் சிறு வளவோடு வீடெடுத்திருக்கும் பெறாமகன் போன மாதம் கேட்டான்: “சித்தி, உங்கட கூட்டின்ர அளவை ஒருக்கா அனுப்புங்கோ.” அப்படியே அனுப்பவில்லை. இங்கே வடகிழக்கைப் பார்த்த முகத்தை அங்கே கிழக்குக்குத் திருப்பினேன். மேமாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக்கு மேற்குச் சுவரை முழுதாக அடைத்து, கூரைத் தாழ்வாரத்தை நீட்டச் சொன்னேன். வெள்ளம் ஏறுகிற இடம், கால்கள் இடுப்பளவு உயரம் வேண்டும். குளிர் இல்லாததால் மற்ற மூன்று பக்கமும் வலையே போதும். மரநாய்க்கு ஒற்றைக் கொக்கி காணாது, இரண்டு கொளுக்கி போடவேண்டும். கீரியும் கபரகொய்யாவும் தோண்டும் என்பதால் மால்ராக்காரர் காட்டித்தந்த தரைவலையை மட்டும் மாற்றாமல் விட்டேன். அவன் சேவலும் ஒன்று வாங்கிவிட்டானாம். மேலே இன்னும் ஓரடி உயரம் கூட்டச் சொல்லியிருக்கிறேன்.