முடிவில் இல்லாத பெயர்கள்

'முடிவுகள்' என்ற சொல்லைக் கேட்டாலே மாணவர் நெஞ்சம் படபடக்கும். நம் எண்ணைக் கண்டுவிட்டால் போதும். அடுத்தவர் எண்ணைத் தேடும் பொறுமை நமக்கு ஏது? நானும் அப்படிப்பட்டவனே. சென்ற திங்கள், பழைய படகுப் பந்தய முடிவு ஒன்று என்னைத் தலைகுனிய வைத்தது.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே 1895இல் தொடங்கிய பந்தயம் அது. 1936 ஜூன் திங்களில், ஹட்சன் ஆற்றில், பொக்கீப்சி நகரருகே நடந்தது. புதுமுக மாணவர்க்கு இரண்டு மைல். இரண்டாம் அணிக்கு மூன்று. முதல் அணிக்கு நான்கு. மூன்றிலும் வாஷிங்டன் பல்கலைக்கழகமே வென்றது. நான்கு மைல் பந்தயத்தில் கலிபோர்னியா இரண்டாவதாக வந்தது.

முடிவு இவ்வளவுதான். ஆனால் 'வாஷிங்டன்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்பது பேர் அமர்ந்திருக்கிறார்கள்! எட்டுப் பேர் செல்லும் திசைக்கு முதுகு காட்டித் துடுப்பு வலிப்பவர்கள். ஒருவர் மட்டும் முன்னே பார்த்துச் சுக்கான் பிடிப்பவர். அவர் பாப் மாக். தொடக்கத்தில் அவர் வேகத்தை அடக்கியே வைத்தார். மற்றப் படகுகள் முந்திச் சென்றன. எவ்வளவு பின்தங்கினோம் என்பதை வலிப்பவர்கள் காண இயலாது. அவர் சொல்லை நம்பி வலித்தார்கள். கடைசி மைலில் அவர் கேட்டபோது முழு வலிமையையும் தந்தார்கள்.

அதே அணி, அவ்வாண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 2000 மீட்டரை 6 நிமிடம் 25.4 நொடியில் கடந்து பொன் வென்றது. இத்தாலி 0.6 நொடியே பின்தங்கியது. அங்கே, மற்றவர்க்குத் தாளம் கொடுக்க வேண்டிய டான் ஹியூம் நோயுற்றிருந்தார். அவரை மாற்றப் பயிற்சியாளர் எண்ணினார், தோழர்கள் இசையவில்லை. அவரையும் சேர்த்தே வென்றார்கள். 25.4 என்ற எண்ணில் இவையெல்லாம் எழுதப்படுவதில்லை.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் என்னோடு உழைக்கும் நண்பர் காய்ச்சலால் மூன்று வாரம் படுத்திருந்தார். அளவுகள் அனைத்தையும் நானே எடுத்தேன். கருவியின் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியவர் அவர் என்பதை வசதியாக மறந்து, கருத்தரங்கக் கட்டுரையில் என் பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தேன். மெலிந்து திரும்பிய அவர் முதலில் கேட்டது, "கருவி ஒழுங்காக வேலை செய்ததா?" என்பதுதான்.

மறுநாள் முகப்புத் தாளை மாற்றி இரு பெயர்களையும் எழுதினேன். முன்பு எழுதிய தாளை அவரிடம் காட்டத் துணிவு வரவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் இம்மலர் வெளிவந்ததும், இதை அவரருகே அமர்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிவிட எண்ணியிருக்கிறேன்.