எனக்குப் பிடித்த மூன்று நகரங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் சில காலம் வாழ்ந்து திரும்பிய எவரும் எதிர்நோக்கும் வினா ஒன்றுண்டு: "அங்கே உங்களுக்கு மிகவும் பிடித்த நகரம் எது?" வினவுபவர் பெரும்பாலும் விடையையும் தம்முடன் கொண்டே வருவர். வானளாவிய கட்டடங்கள், ஒளி வெள்ளத்தில் மிதக்கும் வீதிகள் என்பவற்றையே அவர் எதிர்பார்ப்பர். என் விடை அவர்களுக்கு ஏமாற்றத்தைத் தருவதே வழக்கம். நான் வூஸ்டர், நியூ யோர்க், சிக்காகோ என்னும் மூன்று பெயர்களைச் சொல்வேன். முதலாவதைப் பலர் கேள்விப்பட்டதேயில்லை. ஏனைய இரண்டையும் நான் விரும்புவதற்குரிய காரணங்களோ பயணக் கையேடுகளிற் காணப்படுவன அல்ல. அக்காரணங்களை ஒருமுறை ஒழுங்குபடுத்தி எழுதிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

வூஸ்டர் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்டனுக்கு மேற்கே ஏறத்தாழ 65 கிலோமீற்றர் தொலைவில், குன்றுகளின் மேல் அமைந்த நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கம்பி உற்பத்திக்கும் இயந்திரத் தொழிலுக்கும் பெயர்பெற்றது. செங்கற் சுவர்களோடு கூடிய பழைய தொழிற்சாலைகளே அதன் அடையாளம். அழகிய நகரமென்று அதனை எவரும் கூறார். நான் அங்கு சென்றது ஒரு கல்லறையைக் காண்பதற்காகும். டாக்டர் சாமுவேல் கிறீன் அந்நகரிற் பிறந்து, 1884ஆம் ஆண்டு அந்நகரிலேயே மறைந்தார். அவருடைய கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ள சில சொற்களுள் 'தமிழர்' என்பதும் ஒன்று. தமிழர்க்கு மருத்துவப் பணி செய்தவர் என்பதே அவர் தம்மைப்பற்றி உலகுக்கு விட்டுச்சென்ற அறிமுகம்.

கிறீன் 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் வைத்தியசாலையொன்றை நடத்தி, உள்ளூர் இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவத்தைப் பயிற்றியவர். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், பின்னர் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் கற்ற வைத்தியர் வேறிடங்களில் உத்தியோகம் தேடிச் செல்வதையும், கிராமங்கள் வைத்தியரின்றி விடப்படுவதையும் அவர் கண்டிருந்தார். 'இரண வைத்தியம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் இம்மாற்றத்தின் பேறுகள். தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்கலாமா என்று நாம் பின்னாளில் நடத்திய விவாதங்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அவர் செயலால் விடையளித்திருந்தார். எனினும் அவர் மதம் பரப்ப வந்தவரே என்பதை மறத்தற்கில்லை. அதனை அவரும் மறைத்தவரல்லர்.

அவருடைய குடும்பத்துக்கு உரியதாயிருந்த கிறீன் குன்று 1905இல் நகர மக்களுக்குப் பூங்காவாக அளிக்கப்பட்டது. ஒரு கோடைகால மாலையில் அதன் புற்றரையில் அமர்ந்திருந்தேன். தொழிலாளர் குடும்பங்கள் உணவுப் பொதிகளோடு வந்திருந்தன. என்னை எவரும் யாரென்று கேட்கவில்லை, கட்டணமும் கேட்கவில்லை. மானிப்பாய்ப் பக்கத்தில் வளர்ந்த ஒருவனுக்கு அந்த இடத்தில் ஏதோவொரு சிறு உரிமை இருப்பதாகவே தோன்றிற்று.

வூஸ்டரிலிருந்து நியூ யோர்க்கிற்கு என்னை அழைத்துச் சென்றவர் சாமுவேலின் தமையனார் எனலாம். அன்ட்று ஹாஸ்வெல் கிறீன் 1820இற் பிறந்தவர். தம்பி மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அண்ணன் நியூ யோர்க்கின் மத்திய பூங்காவை உருவாக்கிய ஆணைக்குழுவில் முதன்மையானவராக விளங்கினார். 843 ஏக்கர் பரப்புள்ள அப்பூங்காவின் திட்டத்தை 1858இல் வகுத்தோர் ஓம்ஸ்ரெட், வோக்ஸ் என்னும் இருவர். அதன் செலவைக் கணக்கிட்டு, அரசியல்வாதிகளின் கைகளிலிருந்து அதனைக் காத்தவர் கிறீன். ஐந்து பெரும் பிரிவுகளும் 1898இல் ஒரே நகரமாக இணைந்தமையும், 1895இல் நியூ யோர்க் பொது நூலகம் அமைந்தமையும் அவருடைய முயற்சியோடு தொடர்புடையன. இன்று அந்நகரிற் பலர் அவருடைய பெயரை அறியார். பூங்காவின் வடபகுதியில் ஒரு கல்லிருக்கை அவரை நினைவூட்டுகின்றது.

அப்பூங்காவைப் புகழும்போது மற்றோர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். செனெக்கா கிராமம் என்னும் குடியிருப்பு அங்கே இருந்தது. சுதந்திரக் கறுப்பின மக்கள் பலர் தமக்கெனக் காணி வாங்கி, வீடும் கோயிலும் பள்ளியும் கட்டி வாழ்ந்த இடம் அது. பூங்காவுக்காக 1857இல் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். யாவர்க்கும் பொதுவான நிலம், சிலருடைய நிலத்தைப் பறித்தே பொதுவாயிற்று. காணியிழந்து பெயர்ந்த மக்களை அறிந்த நாம் இதனை இலகுவிற் கடந்து செல்ல முடியாது. மரநிழலில் நடக்கும் போதெல்லாம் இந்த நினைவும் என்னுடன் நடந்தது. ஆயினும் நான் அந்நகரை விரும்பினேன். நாற்பத்திரண்டாம் வீதியில், இரு கற்சிங்கங்கள் காவலிருக்கும் நூலகத்தின் பெரிய வாசிப்பு மண்டபத்தில், பேராசிரியர் ஒருவருக்கும் வீடற்ற முதியவர் ஒருவருக்குமிடையே எனக்கும் ஓர் இருக்கை கிடைத்தமையே அதற்குக் காரணம்.

மூன்றாவது சிக்காகோ. நான் மிக நீண்ட காலம் வாழ்ந்ததும் அங்கேதான். மிச்சிகன் ஏரி கடல்போல விரிந்து கிடக்க, அதன் கரையின் பெரும்பகுதி பொதுமக்களுக்கென விடப்பட்டிருக்கின்றது. நகரின் மையத்தை ஒட்டிய கரைநிலம் என்றும் கட்டடமின்றித் திறந்திருத்தல் வேண்டுமென 1836ஆம் ஆண்டின் நிலப்படத்திற் குறித்து வைத்தனர். அக்குறிப்பை மதிக்குமாறு வணிகரான மொன்ற்கொமரி வார்ட் 1890 தொடக்கம் இருபது ஆண்டுகள் நீதிமன்றம் ஏறினார். ஏரியை நோக்கிய மிச்சிகன் பெருந்தெருவிலேதான் விவேகானந்தர் 1893இல் உரை நிகழ்த்திய கட்டடமும் உள்ளது. இன்று அது கலைக்கூடம்.

ஆயின் என்னை அந்நகரோடு பிணைத்தது அதே தெருவில் 1897இல் நூலகமாகக் கட்டப்பட்ட மாளிகையாகும். நூலகம் பின்னர் வேறிடத்துக்கு மாறிற்று. மாளிகை பண்பாட்டு நிலையமாக இன்றும் திறந்திருக்கின்றது. அதன் வரலாற்றை முதன்முறை வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. 1871 ஒக்ரோபரில் மூண்ட பெருந்தீயில் ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். ஓர் இலட்சம் பேர் வீடிழந்தனர். செய்தியறிந்த இங்கிலாந்து மக்கள் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களைத் திரட்டி அனுப்பினர். விக்டோரியா அரசியாரும் நூல் வழங்கியோருள் ஒருவர். உண்மையில், எவரும் இலவசமாகப் பயிலத்தக்க நூலகம் அந்நகரில் அதற்கு முன்னர் இருந்ததேயில்லை. வந்த நூல்களை வைப்பதற்காகவே ஒன்றை உருவாக்க வேண்டியதாயிற்று. 1872இற் சட்டம் இயற்றி, வரி விதித்து, 1873 சனவரி முதலாம் நாள் நூலகத்தைத் திறந்தனர். திறந்த இடம், கைவிடப்பட்ட இரும்பு நீர்த்தாங்கி ஒன்று!

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது நான் உயர்தர வகுப்பு மாணவன். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அங்கிருந்து நான் இரவல் பெற்றிருந்த தாவரவியல் நூல் ஒன்று மட்டும் என் மேசையில் எஞ்சிற்று. அதனைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய திகதி யூன் 4 என்று முத்திரையிடப்பட்டிருந்தது. கொடுப்பதற்கு இடமில்லை. இடம்பெயர்ந்த போதெல்லாம் அதுவும் என்னுடன் பெயர்ந்தது; சிக்காகோவில் என் அறையிலும் இருந்தது.

அந்த நீர்த்தாங்கியின் கதை எனக்கு முதலில் ஆறுதலைத் தரவில்லை, பொறாமையையே தந்தது. அவர்களுடைய தீ எவரும் வேண்டி மூட்டியதன்று; எங்களுடையது வேண்டியே மூட்டப்பட்டது. அங்கு இழந்த நூல்களை மீண்டும் அச்சிடலாம். இங்கு இழந்த ஏடுகளுக்குப் பிரதியில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறுபவர் எங்கள் இழப்பை அறியாதவரே. எனினும் நாளடைவில் மற்றொன்றும் புலனாயிற்று. நகரம் எரிந்து ஒன்றேகால் ஆண்டு கழிவதற்குள், மாளிகை எழும்வரை காத்திராமல், கிடைத்த தொட்டியிலே கதவைத் திறந்துவிட்ட அந்த அவசரத்தை நான் நேசிக்கத் தொடங்கினேன். ஒரு நகரம் எனக்குப் பிடித்திருக்கின்றதென நான் சொல்லும்போது, யாரோ ஒரு வழிப்போக்கனுக்காக அது எதைத் திறந்து வைத்திருக்கின்றது என்பதையே எண்ணுகின்றேன்.

நாடு திரும்பியபின், மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாண நூலகத்துக்கு அந்தத் தாவரவியல் நூலைக் கொண்டு சென்றேன். கருமபீடத்திலிருந்த இளம்பெண் முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா, இதை எந்தப் பதிவிலே எழுதிறது?" என்று கேட்டார். பழைய பதிவேடுகளும் எரிந்துவிட்டன அல்லவா? இருவரும் சற்று நேரம் பேசாதிருந்தோம். பின்னர் அவர் புதிய பதிவேட்டை எடுத்து, நன்கொடை என்னும் நிரலில் எழுதத் தொடங்கினார். "நன்கொடை அல்லப் பிள்ளை, திருப்பிக் கொடுத்தது என்று எழுதுங்கோ" என்றேன். அவர் அவ்வாறே எழுதினார்.