ஷொப் வரன்ரியா, கம்பனி வரன்ரியா?

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கமரா விலை கேட்டுப் போனவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கம்: "கம்பனி வரன்ரியா வேணும், ஷொப் வரன்ரி காணுமா?" கமரா ஒன்றுதான், பெட்டியும் ஒன்றுதான், விலை மட்டும் வேறு.

ஷொப் வரன்ரிக்காரர் தருவது பெரும்பாலும் கிரே மார்க்கெட் சாமான். அதைப் போலி என்று நினைக்க வேண்டாம். வேறொரு நாட்டுச் சந்தைக்குப் போன அசல் கமராவை, இங்குள்ள ஏஜென்டைச் சுற்றிக் கொண்டுவந்து விற்கிறார்கள். (சுங்கவரி கட்டாமல் சூட்கேசில் வருவது வேறு கதை.) ஆசியாவில் மலிவாக வாங்கிய பாடப்புத்தகங்களை அமெரிக்காவில் விற்ற தாய்லாந்து மாணவர் கிர்ட்செங்கின் வழக்கில், அது பதிப்புரிமை மீறல் அல்ல என்று 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் விற்கலாம் என்பதற்காகக் கம்பனி திருத்தித் தரவேண்டும் என்றில்லை. நிக்கோனின் அமெரிக்கக் கிளை கிரே கமராவைக் காசு கொடுத்தாலும் திருத்தாது.

தெஹிவளையில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன் கல்யாணவீட்டுப் படம் எடுக்கிறவர். அவருடைய முதல் கமரா கம்பனி வரன்ரியோடு வாங்கியது. ஷட்டர் பழுதானபோது ஒரு சதமும் வாங்காமல் திருத்திக் கொடுத்தார்கள். ஆனால் பாகம் வெளிநாட்டிலிருந்து வர ஐந்து கிழமை. அதற்குள் மூன்று கல்யாணம். தாலி கட்டுவதை இன்னொருக்கா கட்டச் சொல்லேலாது. வாடகைக்குக் கமரா எடுத்துச் சமாளித்தார். "வரன்ரி கிடைச்சது, கமரா கிடைக்கேல்லை" எண்டு சொல்லுவார்.

அதனால் இரண்டாவது கமரா வேணும் என்று முடிவெடுத்தபோது 2022 வந்துவிட்டது. மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது. கம்பனி விலை எட்டாது. 70,000 ரூபா குறைவாக, ஒரு வருட ஷொப் வரன்ரியோடு கிரே கமரா எடுத்தார். நானும் கூடப் போனேன். பத்தாம் மாதம் கார்ட் போடும் இடம் பழுதானது. கடைக்காரர் இரண்டு நாளில் திருத்திக் கொடுத்தார். எந்தப் பாகம் போட்டார், புதுசா பழசா என்று ஒரு துண்டும் தரவில்லை. கடை பூட்டியிருந்தால் வரன்ரியும் அதோடு போயிருக்கும்.

இன்னொன்றையும் யோசிக்க வேணும். விழுந்து உடைந்தாலோ தண்ணீர் போனாலோ லென்சில் பூஞ்சணம் பிடித்தாலோ கம்பனி வரன்ரியும் உதவாது. கடற்கரையோரம் இருக்கிற எங்களுக்கு உப்புக்காற்றும் ஈரமும்தான் பெரிய எதிரி. ஈரப்பதத்தை 40-50 வீதத்தில் வைக்கிற டிரை பொக்ஸ் ஒன்று, அல்லது காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும், எந்த வரன்ரியையும் விட லென்சைக் காப்பாற்றும்.

கிரே எடுப்பதாக இருந்தால் சிலதைப் பாருங்கோ. சீரியல் நம்பர் பெட்டியிலும் கமராவிலும் பில்லிலும் ஒன்றாக இருக்க வேணும். மெனுவைத் திறந்து பாருங்கோ. ஜப்பானுக்கென்று செய்த சோனி கமராக்களில் ஜப்பான் மொழி மட்டும்தான் இருக்கும். நிக்கோன் எண்டால் ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பிலேயே ஷட்டர் எத்தனை தரம் அடித்தது என்று பார்க்கலாம். கனனில் அது லேசில்லை. போனுக்கு ஐஎம்இஐ இலக்கத்தை 1909க்கு அனுப்பிப் பார்க்கிற மாதிரி கமராவுக்கு வழியில்லை. பில் இல்லாவிட்டால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு எடுத்தும் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இராது.

டியூஷன் சொல்லிக் கொடுத்துக் காசு சேர்த்து முதல் கமரா வாங்கப் போன தோழி என்னிடம் கேட்டபோது, கம்பனி வரன்ரியே எடு எண்டுதான் சொன்னேன். மதர்போர்ட் போனால் அவளுக்கு இன்னொன்று வாங்க வழியில்லை. அண்ணாவுக்கு மற்றக் கமரா இருக்கிறது. அதோடு மிச்சம் பிடித்த 70,000ஐ அவர் தொடவில்லை, திருத்தக்காசு என்று புறம்பாகப் போட்டு வைத்திருக்கிறார். அந்தக் காசையும் லென்சில் போடுகிறவர்களுக்குக் கிரே அவ்வளவு மலிவில்லை.