முகம் ஒருவருக்கு, குரல் ஒருவருக்கு

'இரத்தக்கண்ணீர்' (1954) படத்தில் எம்.ஆர்.ராதா நோயில் உருக்குலைந்து தெருவுக்கு வந்துவிடும் கட்டம். ஒரு பாட்டு. அதன் நடுநடுவே ராதா குறுக்கிட்டுப் பேசுவார். அந்தப் பேச்சு இன்றைக்கும் மிமிக்ரி மேடையில் கைத்தட்டல் வாங்குகிறது. சரி, அந்தப் பாட்டைப் பாடியது யார்? இந்தக் கேள்விக்குப் பலரும் தலையைச் சொறிவார்கள்.

பாடியவர் சி.எஸ்.ஜெயராமன். முதலில் இருக்கும் 'சி'தான் சிதம்பரம். 'சிதம்பரம் எஸ்.ஜெயராமன்' என்று முழுசாகச் சொன்னால்தான் பழைய ஆட்களுக்குப் பிடிபடும். அந்தப் படத்தின் பாடல்களுக்கு இசையமைத்தவரும் அவரே. ஊரைப் பெயருக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நடந்த மனிதர். ஆனால் சிதம்பரம் என்றதும் நினைவுக்கு வருவது நடராஜர், தில்லை மரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ஜெயராமன் அந்த வரிசையில் இல்லை.

ஏன் இல்லை என்று யோசித்தால், தமிழ்நாட்டில் புகழ் எப்படி வேலை செய்கிறது என்பது புரியும்.

1930களில் பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும். தியாகராஜ பாகவதர், பி.யு.சின்னப்பா எல்லாம் அப்படி வந்தவர்கள். ஜெயராமனும் அந்தக் காலத்தில் நடிகராகத் திரையில் தோன்றியவர்தான். முகமும் குரலும் ஒரே ஆளுடையதாக இருந்தன. பின்னணிப் பாடல் வந்ததும் இரண்டும் பிரிந்தன. பாடத் தெரியாதவரும் நாயகன் ஆகலாம். பாடகர் மைக்குக்குப் பின்னால் நின்றால் போதும்.

1952ல் 'பராசக்தி'. சிவாஜி கணேசன் என்ற புதுமுகம். காக்கைகளைப் பார்த்து அவர் பாடும் பாட்டுக்குக் குரல் ஜெயராமனுடையது. சிவாஜியின் முதல் குரல் இவர்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இரண்டே வருஷம். 1954ல் 'தூக்குத் தூக்கி' வந்தது. ஜெயராமனே பாடட்டும் என்றுதான் சிவாஜி முதலில் நினைத்தார், டி.எம்.சௌந்தரராஜன் சில பாட்டுகளைப் பாடிக் காட்டிய பிறகு மனசு மாறினார் என்பது சினிமா உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அதன் பிறகு சிவாஜிக்கு டி.எம்.எஸ். என்பது எழுதாத சட்டம் ஆகிவிட்டது. யார் மேலும் குற்றமில்லை. டி.எம்.எஸ். குரல் சிவாஜிக்குச் சிவாஜியாகவும் எம்.ஜி.ஆருக்கு எம்.ஜி.ஆராகவும் ஒலித்தது. ஜெயராமன் குரலோ யாருக்குப் பாடினாலும் ஜெயராமன் குரலாகவே இருந்தது! ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் பின்னணிப் பாடகருக்கு அதுவே குறையாகிவிட்டது.

அதோடு அவர் காணாமல் போய்விடவில்லை. 'புதையல்' (1957) படத்தில் சுசீலாவுடன் பாடிய நிலவுப் பாட்டு, 'பாவை விளக்கு' (1960) படத்தின் தாஜ்மகால் டூயட், 'தெய்வப்பிறவி' (1960)... எல்லாமே சிவாஜிக்குத்தான். 'சம்பூர்ண ராமாயணம்' (1958) படத்தில் டி.கே.பகவதி ராவணன். அந்த ராவணனின் சங்கீதம் முழுக்க ஜெயராமனின் தொண்டையில் இருந்து வந்தது. குற்றவாளிக்கும் ராவணனுக்கும் அந்தக் கனத்த குரல் அவ்வளவு பொருந்தியது.

அப்படியும் கேசட் கடையில் எழுதியிருந்தது என்ன? 'சிவாஜி ஹிட்ஸ்', 'எம்.ஜி.ஆர். ஹிட்ஸ்'. வாயசைத்தவர் பெயரில்தான் பாட்டு விற்றது.

இது தமிழ்நாட்டு நோய் மட்டும் இல்லை. 1949ல் வந்த 'மஹல்' இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டின் இசைத்தட்டில் பாடகி பெயர் 'காமினி' என்று இருந்தது. காமினி, கதாநாயகியின் பாத்திரப் பெயர்! ஹாலிவுட்டில் 'மை ஃபேர் லேடி' (1964) படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்காகப் பாடிய மார்னி நிக்ஸனின் பெயர் திரையில் வரவே இல்லை.

ஜெயராமன் வீட்டிலேயே இதற்கு நேர்மாறான ஒரு கதையும் நடந்தது. அவருடைய தங்கை பத்மாவதி, மு.கருணாநிதியின் முதல் மனைவி. அவர்கள் மகன் மு.க.முத்து. 1972ல் 'பிள்ளையோ பிள்ளை' படத்தில் எம்.ஜி.ஆர். பாணியில் நாயகனாக இறக்கிவிடப்பட்டார். அப்பா முதலமைச்சர், ஊர் ஊராக ரசிகர் மன்றம், போஸ்டர்... மாமாவுக்குக் கிடைக்காத அத்தனையும் முதல் நாளே மருமகனுக்குக் கிடைத்தது. நாலைந்து வருஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. 2025ல் அவர் மறைந்தபோது பலரும் நினைத்துக்கொண்டது அவர் சொந்தக் குரலில் பாடிய இரண்டொரு பாட்டுகளைத்தான். குரல் மாமா வீட்டுச் சொத்தாயிற்றே!

இந்த முக மயக்கத்தை உரித்துக் காட்டியவரும் இதே மாவட்டத்துக்காரர்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934ல் பிறந்த ஜெயகாந்தன். அவருடைய 'சினிமாவுக்குப் போன சித்தாளு'வில், திரையில் பார்த்த நாயகன் மேல் ஓர் ஏழைப் பெண்ணுக்கு வந்த மயக்கம் அவள் வாழ்க்கையையே குலைத்துவிடும். கடலூர்க்காரர் சொன்னதைச் சிதம்பரத்துக்காரரின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அந்த மயக்கம் கீழே உட்கார்ந்து பார்ப்பவரை மட்டும் ஏமாற்றுவதில்லை. திரைக்குப் பின்னால் உழைத்தவரின் பங்கையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது.

இன்று நிலைமை வேறு. டி.வி. போட்டியில் பாடும் சின்னக் குழந்தைக்கும் ரசிகர்கள் உண்டு. பாடகர்களுக்கும் முகம் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் இப்போது முகம் முன்னால் வருகிறது, குரல் பின்னால் வருகிறது. அப்போது கேட்டதுபோல ஒரே வரியில் 'இது இன்னார்' என்று சொல்லக்கூடிய குரல்கள் எத்தனை?

ஜெயராமன் 1995ல் காலமானார். அடுத்த முறை ராவணன் பாட்டு எங்கேயாவது கேட்டால், 'என்ன படம், யார் நடிச்சது?' என்று கேட்பதற்கு முன்னால், 'யார் பாடினது?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவருக்குச் சேர வேண்டிய பாக்கி அவ்வளவுதான்.