பூட்டு இல்லாத செல்போன்

உங்கள் வீட்டில் யாராவது புது செல்போன் வாங்கப் போகிறார்களா? அப்படியென்றால் மணி அடிப்பதற்குள் ஐந்து நிமிஷம் இங்கே நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்க அம்மா திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போகிறவர். வைகாசியில் சீட்டு எடுத்து, அக்காவின் காலேஜ் ஃபீஸ் கட்டியது போக, கையில் நின்றது ஒன்பதாயிரம் ரூபாய். அதற்குள் ஒரு ஸ்மார்ட்போன் வாங்க வேண்டும். "நீதான படிக்கிற புள்ள, பார்த்துச் சொல்லு" என்று பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்.

வாங்கும் முன்னால் என்னென்ன வேண்டும் என்று ஒரு பேப்பரில் எழுதினேன். அம்மா சொன்னது இதுதான்: "விடியக்காலம் மூணு மணிக்கு முதலாளி கூப்பிட்டா காதுல விழணும். தோட்டத்துல நிக்கிறப்பவும் சிக்னல் இருக்கணும். வேற என்னத்தக் கேக்கப் போறேன்?" கேட்க லேசாக இருக்கிறது அல்லவா? ஆனால் எங்கள் வீட்டில் ஒரு கம்பெனி டவர்தான் எடுக்கும், தோட்டத்தில் இன்னொரு கம்பெனி டவர்தான் எடுக்கும். அதனால் இரண்டு சிம் போட வேண்டும், இரண்டும் வேறு வேறு கம்பெனி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலையை வாட்ஸ்அப்பில் பார்க்க வேண்டும். ராத்திரி நான் பாடம் படிக்க வேண்டும். இவ்வளவுதான்.

இங்கேதான் 'பூட்டு' என்ற விஷயம் வருகிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் சிம் கம்பெனியே போனைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிடும். அதுவரை வேறு சிம் போட்டால் வேலை செய்யாதபடி பூட்டி வைப்பதும் உண்டு. கனடாவில் 2017 டிசம்பரிலும், பிரிட்டனில் 2021 டிசம்பரிலும் இப்படிப் பூட்டிய போனை விற்கத் தடை வந்தது.

நம்ம நாட்டில் பெரும்பாலோர் பிரீபெய்டு. காசு போட்டால் பேச்சு, இல்லையென்றால் இல்லை. ஆனாலும் இங்கே ஒப்பந்தமே இருந்ததில்லை என்று நினைக்காதீர்கள். 2003-இல் ரிலையன்ஸ் கம்பெனி 501 ரூபாய் கட்டினால் செல்போன், மீதி மாதத் தவணை என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அது சிடிஎம்ஏ போன். இன்று நாம் செய்வது போல சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ள வழியில்லை. 2017-இல் ஜியோபோன் வந்தது. 1,500 ரூபாய் டெபாசிட். அதில் ஜியோ சிம் மட்டும்தான் வேலை செய்யும். ஏழை வீடுகளுக்கு இன்டர்நெட் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எங்களைப் போல இரண்டு டவருக்கு நடுவில் வாழ்கிறவர்களுக்கு ஒத்து வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் மூன்று கடை ஏறினோம். ஒரு கடையில் எங்களைப் பார்த்ததுமே, "அக்கா, கையில இருக்க காசு கையிலயே இருக்கட்டும். ஒத்தப் பைசா கட்ட வேணாம், ஆதார் மட்டும் குடுங்க, போனை எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். அம்மா முகம் மலர்ந்துவிட்டது. நான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

ரொக்கம் கொடுத்தால் அந்தப் போன் 8,499 ரூபாய். தவணை என்றால் மாதம் 825 வீதம் 12 மாதம். அது 9,900. அதோடு ஃபைல் சார்ஜ் 499. ஆக மொத்தம் 10,399. வித்தியாசம் 1,900 ரூபாய். இது போக, தவணை தவறினால் போன் தானாகவே லாக் ஆகிற மாதிரி ஒரு ஆப் போட்டுத்தான் தருவார்களாம். சிம் கம்பெனி போடாத பூட்டைக் கடன் கம்பெனி போடுகிறது!

இதில் யோசிக்க வேண்டியது 1,900 ரூபாய் மட்டும் இல்லை. மல்லிகைக்கு வெயில் வேண்டும். சித்திரை, வைகாசியில் பூ கொட்டும். மார்கழி, தையில் பனிக்குச் செடி பூக்காது. அப்போது மார்க்கெட்டில் பூ விலை ஏறும், பேப்பரில் கூடச் செய்தி வரும். ஆனால் எடுக்கப் பூ இல்லாததால் அம்மாவுக்கு வேலை இருக்காது. தவணை மார்கழியைப் பார்க்குமா? அது மாதாமாதம் வந்து நிற்கும். கட்ட முடியாமல் போன் பூட்டிக்கொண்டால் முதலாளி கூப்பிடுவதும் கேட்காது. இருக்கிற ஒன்றிரண்டு நாள் வேலையும் போகும். இதை அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தம்பி, ரொக்கமாவே போட்ருங்க" என்றார்.

மாதச் சம்பளக்காரர்களுக்குத் தவணை சரியாக வரலாம். பூவையும் மழையையும் நம்பி இருக்கிறவர்கள் பஞ்சாங்கத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்னால் எங்கள் இரண்டு சிம்மையும் போட்டு ஒவ்வொன்றிலும் பேசிப் பார்த்தோம். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. 2020 ஏப்ரலுக்கு முன்னால் அது 12 சதவீதம். மீதி 501 ரூபாயில் ஒரு கவரும் ரீசார்ஜும் ஆச்சு.

நீங்களும் வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் இருக்கும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்கிறதா பாருங்கள்.

2. பழைய போன் என்றால் இன்னும் கவனம். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போன் விவரம் வரும். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். விற்பவருடைய கூகுள் கணக்கை எடுக்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அதுவும் ஒரு பூட்டுதான்.

3. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்இ வசதி இருந்தால்தான் அதில் பேச முடியும்.

4. கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்று கேளுங்கள். பேங்க் பணம் அதில்தான் இருக்கிறது.

5. சிம் கம்பெனி பிடிக்கவில்லையா? 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம். ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடைவெளி விட்டு, உங்கள் நம்பரையும் அடித்து 1900-க்கு அனுப்பினால் அதற்கான வேலை தொடங்கும். ஆனால் பூட்டு இல்லாத போன் கையில் இருந்தால்தான் இந்த உரிமையால் பயன்.

விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள் நண்பர்களே. வீட்டு வரவைப் பார்த்து வாங்குங்கள்!

– பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி